அயல்நாட்டு ஊழியத் திட்டம் தொடங்க நினைப்போருக்கான பன்னிரண்டு வாரப் பயிற்சி: ஒரு மதிப்புரை

வெளிநாடு ஒன்றில், தன்னார்வலர்களைக் கொண்டு ஒரு கிறிஸ்தவ ஊழியத்தைத் தொடங்க வேண்டும் என்ற ஆசை என் மனைவிக்கும் எனக்கும் ஏழெட்டு ஆண்டுகளாக இருந்துவந்தது. அதற்காக ஜெபித்தோம், நெருங்கியவர்களிடம் பகிர்ந்துகொண்டோம், ஒரு நோட்டுப் புத்தகத்தில் திட்டத்தின் பெயரையும் சின்னத்தையும் கட்டடத்தின் வரைபடத்தையும்கூட வரைந்து வைத்திருந்தோம். எந்த நாடு என்பதை மட்டும் முடிவு செய்திருக்கவில்லை. இப்போது இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது அது ஒரு குறையாகவே தோன்றவில்லை, கர்த்தர் காட்டுவார் என்று இருந்துவிட்டோம். அந்த நிலையில் எங்கள் போதகர் சொல்லி, இத்தகைய கனவோடு இருப்பவர்களுக்கென்றே இணையவழியில் நடத்தப்படும் பன்னிரண்டு வாரப் பயிற்சி ஒன்றில் இருவரும் சேர்ந்தோம். அதை முடித்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. குறைகளையும் சொல்லப்போவதால் நடத்துவோரின் பெயரை இங்கே தரவில்லை. இவ்வகைப் பயிற்சிகளைப் பல அமைப்புகள் நடத்துகின்றன, எதில் சேர்ந்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கு இந்தக் குறிப்புகள் உதவக்கூடும்.

பயிற்சியின் அமைப்பு எளிமையானது. வாரத்துக்கு இரண்டு பதிவு செய்யப்பட்ட வகுப்புகள், எட்டுக் குடும்பங்கள் கூடும் ஒரு நேரடிக் கலந்துரையாடல், எழுதி ஒப்படைக்க வேண்டிய ஒரு பணி. இவற்றோடு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வழிகாட்டி. சொந்த சபையின் கடிதம் இல்லாமல் யாரையும் சேர்ப்பதில்லை என்பது அவர்களுடைய விதி. முதலில் இது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்தேன். ஆனால் அந்தியோகியாவில் பவுலும் பர்னபாவும்கூடத் தாமாகக் கிளம்பவில்லை, சபை உபவாசித்து ஜெபித்துக் கைகளை வைத்து அனுப்பிய பிறகே புறப்பட்டார்கள் என்பதை முதல் வகுப்பிலேயே எடுத்துக்காட்டி, அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்ட மூப்பர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எங்களோடு பேசியாக வேண்டும் என்ற ஏற்பாட்டையும் அவர்கள் செய்துவிட்டார்கள்.

முதல் வாரப் பணியில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "உங்களை அழைத்தவர் யார்?" நாங்கள் இரண்டு பக்கங்களுக்கு எங்கள் சாட்சியை எழுதி அனுப்பினோம். எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டி, பல ஆண்டுகள் வெளிநாட்டில் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மையார். அவர் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "கர்த்தர் அழைத்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, தம்பி. அங்கே இருக்கிறவர்களில் உங்களை யார் அழைத்தார்கள் என்றுதான் கேட்டேன்" என்றார். எங்களிடம் பதில் இல்லை. நாடே முடிவாகாத நிலையில் அழைப்பவர் எங்கிருந்து வருவார்?

இந்த இடத்தில் பயிற்சி எடுத்துக்கொண்ட வேதபகுதி அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரம். மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் வந்து உதவி கேட்பதாகப் பவுல் கண்ட தரிசனத்தை மிஷனரிக் கூட்டங்களில் கேட்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்த அதிகாரத்தை மேலே படித்தால், பிலிப்பியில் பவுல் முதலில் சந்தித்தது அந்த ஆண்மகனை அல்ல, ஆற்றங்கரையில் ஜெபத்துக்குக் கூடியிருந்த பெண்களை. அவர்களில் லீதியாள் மக்கெதோனியாவைச் சேர்ந்தவளும் அல்ல, தியத்தீரா ஊராள், அதாவது எந்த ஆசிய நாட்டில் (அன்றைய ரோம மாகாணம் ஒன்றின் பெயர் அது) வசனத்தைச் சொல்லக்கூடாது என்று ஆவியானவர் சற்று முன்பு தடை செய்தாரோ அந்த நாட்டைச் சேர்ந்தவள். அங்கே பவுல் ஓர் இல்லத்தையும் கட்டவில்லை. அவள் வருந்திக் கேட்டுக்கொண்டதால் அவள் வீட்டில் விருந்தினராகத் தங்கினார். தரிசனம் திசையைக் காட்டியது, போன இடத்தில் யாரோடு எப்படி வேலை செய்வது என்பதை அங்கே இருந்தவர்களே தீர்மானித்தார்கள் என்று வகுப்பில் சொன்னபோது, எங்கள் நோட்டுப் புத்தகத்துக் கட்டட வரைபடம் நினைவுக்கு வந்து சங்கடப்பட்டேன்.

இரண்டாம் வார வகுப்பு 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டைப் பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர் மிகச் சிலரே இருந்த அந்த மாநாட்டில், தமிழ்நாட்டு ஊழியரான வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து, மிஷனரிகளின் தியாகத்தை எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. இந்த உரையைச் சிறு வயதிலிருந்தே பெருமையோடு கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் எப்போதும் அசரியாவின் பக்கத்தில் நின்றே கேட்டிருக்கிறேன். நாம் இப்போது அனுப்புகிறவர்களின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம், அந்தக் கேள்வி நம்மைப் பார்த்துக் கேட்கப்படுகிறது என்று குழுவில் ஒரு சகோதரி சொன்னது எந்த வகுப்பிலும் இல்லாத பாடம். அசரியாவே 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தையும், இரண்டு ஆண்டுகள் கழித்துத் தேசிய மிஷனரி சங்கத்தையும் தொடங்கியவர்களில் ஒருவர் என்பதையும், பிறகு தோர்ணக்கல்லில் வேறு மொழி பேசும் மக்களிடையே பேராயராகப் பணியாற்றினார் என்பதையும் வகுப்பில் விட்டுவிட்டார்கள். போவதை அவர் எதிர்க்கவில்லை, போகிறவர்கள் எந்த முகத்தோடு போகிறார்கள் என்பதையே கேட்டார் என்பது அந்தத் தகவல் இல்லாமல் புரியாது.

நான்காம், ஐந்தாம் வாரங்களைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் கனவு உடைந்தது அங்கேதான். நாங்கள் வரைந்து வைத்திருந்தது ஒரு பிள்ளைகள் இல்லம். நாற்பது பிள்ளைகள், அவர்களைக் கவனிக்க ஆறு வாரத்துக்கு ஒரு குழுவாக வந்துபோகும் தன்னார்வலர்கள். இதைவிடத் தூய்மையான எண்ணம் இருக்க முடியுமா என்று நினைத்திருந்தோம்.

நான்காம் வாரம் ஹெயிட்டியில் தொடங்கியது. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அந்த மாத இறுதியில், அமெரிக்க பாப்டிஸ்ட் தன்னார்வலர்கள் பத்துப் பேர் முறையான ஆவணங்கள் இல்லாமல் 33 பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோக முயன்றபோது எல்லையில் கைது செய்யப்பட்டார்கள். அநாதைகளுக்கு உதவவே வந்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள் என்பது பிறகு தெரியவந்தது. கடத்தல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. குழுவின் தலைவர் மட்டும் முறைகேடான பயணத்துக்கு ஏற்பாடு செய்ததற்காகத் தண்டிக்கப்பட்டார். இந்த நிகழ்வை வகுப்பில் யாரையும் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. "இவர்கள் ஜெபிக்காமலா போனார்கள்?" என்று ஆசிரியர் கேட்டுவிட்டு, சிறிது நேரம் மௌனமாக இருந்தார்.

அதன்பின் வந்தவை இன்னும் கடினமான செய்திகள். இல்லங்களிலும் காப்பகங்களிலும் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவரேனும் உயிரோடு இருக்கிறார்கள் என்று சேவ் த சில்ட்ரன் அமைப்பு 2009இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அப்படியானால் அவர்கள் ஏன் இல்லத்தில் இருக்கிறார்கள்? பெரும்பாலும் வறுமை, அல்லது பள்ளிப் படிப்பு. வெளிநாட்டுப் பணத்தில் நாற்பது படுக்கைகளோடு ஓர் இல்லம் எழும்பினால், காலியான படுக்கைகளைப் பார்த்துக் காணிக்கை தருபவர் யாரும் இல்லை என்பதால், அவற்றை நிரப்பப் பிள்ளைகளைத் தேடிப் போகிறவர்களும் உருவாகிறார்கள். இங்கே விட்டால் படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று கேள்விப்படும் ஏழைத் தாய் தன் பிள்ளையைத் தானே கொண்டுவந்து விடுகிறாள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இது நடந்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை பிள்ளைகளின் உரிமைகள் குறித்து நிறைவேற்றிய தீர்மானம், அநாதை இல்லங்களில் தன்னார்வப் பணி செய்யும் வழக்கத்தால் விளையும் தீங்கையும் சேர்த்தே குறிப்பிடுகிறது.

என் மனைவி ஆசிரியை. சிறு பிள்ளைகளோடு பல ஆண்டுகள் பழகியவள். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையின் படத்தை எத்தனையோ ஊழியச் செய்தித்தாள்களில் பார்த்திருக்கிறோம். அது அன்பின் அடையாளம் மட்டும் அல்ல, நிலையாகப் பற்றிக்கொள்ள ஒருவர் இல்லாத பிள்ளை செய்வதும் அதுவே என்று வகுப்பில் விளக்கியபோது, அவள் திரையை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பிள்ளையின் மனதை உடைக்கும் திட்டத்துக்குத்தான் நாம் பெயர் வைத்தோமா என்று அன்று இரவு கேட்டாள். அதற்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

உடைத்ததோடு நிறுத்தவில்லை என்பதே இந்தப் பயிற்சியின் பெரிய தகுதி. ஐந்தாம் வாரம் முழுவதும் மாற்று வழிகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது: பெற்றோரோ உறவினரோ பிள்ளையைத் தம்மோடு வைத்துக்கொள்ளும்படி குடும்பத்தைத் தாங்குவது, தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்துக்குப் பகல் பராமரிப்பு, பள்ளிச் செலவுக்கு உதவி, வளர்ப்புக் குடும்பங்களை ஆயத்தப்படுத்துவது, உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி. இவற்றில் வெளிநாட்டுத் தன்னார்வலருக்கு இருக்கும் இடம் சிறியது, பெரும்பாலும் பிள்ளைகளின் கண்ணில் படாத இடம். கட்டடமும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. குழுவில் இரண்டு குடும்பங்கள் இந்த வாரத்தோடு விலகின.

மொழி குறித்த வகுப்பும் சிறப்பாக இருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், ஒரு தமிழ் ஆசிரியரின் பள்ளியைத் தம் வீட்டிலேயே நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துகளை எழுதிக் கற்றார் என்பதை விவரித்துவிட்டு, புறப்படும் முன் ஆறு மாதமாவது மொழி கற்பதும், போன முதல் ஆண்டில் எந்தத் திட்டத்தையும் தொடங்காமல் கற்பவராக மட்டும் இருப்பதும் வேண்டும் என்றார்கள். படித்த பெரிய மனிதர் ஒருவர் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சி, பன்னிரண்டு வாரங்களில் என் மனதில் மிக ஆழமாகப் பதிந்த ஒன்று.

இனிக் குறைகள். சட்டத்துக்கும் விசாவுக்கும் ஒரே ஒரு வகுப்பு ஒதுக்கியிருந்தது போதவே இல்லை. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்வது அந்த நாட்டு அதிகாரியிடம் பொய் சொல்வதாகும் என்பதை ஒளிவுமறைவின்றிச் சொன்னார்கள்; அது நல்லது. நம்மிடையே விசா கிடைத்தால் கர்த்தர் வாசலைத் திறந்தார் என்கிறோம், கிடைக்காவிட்டால் சத்துரு தடுத்தான் என்கிறோம். எந்த விசாவுக்கு விண்ணப்பித்தோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆனால் அமைப்பைப் பதிவு செய்வது, உள்ளூர் நிர்வாகக் குழு, வங்கிக் கணக்கு, நிலம், தன்னார்வலரின் காவல்துறைச் சான்று, அவசரமாக வெளியேற வேண்டிவந்தால் காப்பீடு ஆகியவை ஒரே மூச்சில் ஓடிப்போயின. நேபாளத்தில் 2017இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம், ஒருவரை மதம் மாற்றுவதற்கு ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. அத்தகைய நாட்டில் வெளிநாட்டவர் நாடுகடத்தப்படுவதோடு தப்பலாம், அவரோடு நின்ற உள்ளூர் விசுவாசி சிறையில் இருப்பார் என்பது அரை மணி நேரம் பேச வேண்டிய செய்தி. ஒரு வரியில் கடந்துபோனார்கள். உடல்நலப் பகுதியும் சுருக்கம்தான், எனினும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே செல்லுபடியாகும் என்பது போன்ற பயனுள்ள குறிப்புகள் இருந்தன.

ஒன்பதாம் வாரம் இந்தப் பயிற்சியின் பலவீனமான பகுதி. தலைப்பு, தாங்குபவர்களைச் சேர்த்தல். வேறொரு பேச்சாளர் வந்து, மனதை உருக்கும் ஜெபக்கடிதத்தை எப்படி எழுதுவது, எந்தப் புகைப்படம் கொடுப்பவரின் கையைத் திறக்கும் என்றெல்லாம் கற்றுக்கொடுத்தார். மாதிரியாகக் காட்டிய கடிதத்தில் ஓர் இல்லத்துப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. ஐந்தாம் வாரத்தில் கற்றதை ஒன்பதாம் வாரம் அழித்தது என்று நாங்கள் எழுதிய புகாருக்கு மூன்று வாரங்கள் கழித்து, மிகுந்த மரியாதையோடும் எந்தப் பொருளும் இல்லாமலும் ஒரு பதில் வந்தது.

பணத்தைப் பற்றிக் கற்பிக்கச் சரியான பொருள் இல்லாமல் போகவில்லை. 1865இல் சீன உள்நாட்டு மிஷனைத் தொடங்கிய ஹட்சன் டெய்லர், எவரிடமும் நேரடியாகப் பணம் கேட்பதில்லை என்ற முறையைக் கடைப்பிடித்தார். வங்காளத்துக்கு வந்த ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி முதல் சில ஆண்டுகள் அவுரித் தொழிற்சாலையின் மேலாளராக வேலை பார்த்துப் பிழைத்தார். பவுல் கூடாரம் செய்தார். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது, தம்மேல் யாரும் குற்றம் சொல்ல இடம் இராதபடி பவுல் வேறு சகோதரரையும் கூட அனுப்பியதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. இந்த நான்கு செய்திகளையும் வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை அருமையாக நடத்தியிருக்கலாம்.

இதற்கு மாறாக, பத்தாம் வாரத்து வரவு செலவுப் பணி மிகவும் பயன்பட்டது. கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற லூக்காவின் வசனத்தைத் தலைப்பாகக் கொடுத்து, திட்டத்தின் மூன்று ஆண்டுச் செலவையும் எழுதச் சொன்னார்கள். எங்கள் பழைய திட்டத்தின் பணத்தில் பாதிக்கு மேல் விமானக் கட்டணம், தங்குமிடம், காப்பீடு என்று தன்னார்வலர்களுக்கே போவதைப் பார்த்தோம். 1998இல் மிட்ச் புயலுக்குப் பிறகு ஹோண்டுராஸில் வீடு கட்டிக் கொடுக்கப் போன வட அமெரிக்கக் குழுக்களை ஆராய்ந்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக், கட்டிய வீட்டின் செலவைவிடக் குழுவின் பயணச் செலவு பல மடங்கு என்பதையும், வீடு பெற்றவர்களின் வாழ்வில் அதை வெளிநாட்டவர் கட்டினார்களா உள்ளூரார் கட்டினார்களா என்பதால் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை என்பதையும் கண்டார். எங்கள் கணக்குத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது இது வேறு யாருடைய கதையாகவும் தோன்றவில்லை.

குடும்பத்தைப் பற்றி ஒரு வகுப்புகூட இல்லை என்பதை நடத்துவோர் கவனிக்க வேண்டும். வில்லியம் கேரியின் பெயர் இந்தப் பயிற்சியில் குறைந்தது மூன்று வகுப்புகளில் போற்றப்பட்டது. அவருடைய மனைவி டோரத்தி முதலில் வர மறுத்தவர், கடைசி நேரத்தில் இணங்கிக் கப்பலேறியவர், 1794இல் ஐந்து வயது மகன் பேதுருவைப் பறிகொடுத்த பின் மனநலம் குலைந்து 1807இல் இறக்கும்வரை மீளாதவர். அவர் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து சேரக்கூடிய பயிற்சியில், ஒருவருக்கு மட்டும் பாரம் இருந்தால் என்ன செய்வது, வயதான பெற்றோரை யார் பார்ப்பது, பிள்ளைகளின் படிப்பு என்னாவது, ஐந்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால் எங்கே நிற்பது என்ற கேள்விகளுக்கு இடம் இல்லாதது பெரும் குறை.

சிறிய சேவைக் குறைகளும் உண்டு. நேரடி வகுப்புகளின் நேரம் சிலருக்கு நள்ளிரவாக அமைந்தது. எழுதிய பணிகளுக்கு மறுமொழி சில வாரங்களில் தாமதமானது. எட்டாம் வாரத்தில் எங்கள் வழிகாட்டி உடல்நலக் குறைவால் விலக நேர்ந்தபோது, புதியவருக்கு எங்கள் பழைய பணிகள் எதுவும் கொடுக்கப்படாமல், அவர் மறுபடியும் எங்கள் சாட்சியிலிருந்து தொடங்கச் சொன்னார்.

கடைசி வாரப் பணியை மட்டும் குறிப்பிட்டு விடுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரி சங்கத் தலைவர்களான ஹென்றி வென், ரூபஸ் ஆண்டர்சன் ஆகியோர், ஓர் ஊழியத்தின் நோக்கம் தன்னைத் தானே ஆளவும் தாங்கவும் பரப்பவும் வல்ல உள்ளூர்ச் சபை என்றும், அது உருவானதும் மிஷன் விலக வேண்டும் என்றும் வற்புறுத்தினார்கள். அதையொட்டி, உங்கள் திட்டத்தை விட்டு நீங்கள் வெளியேறும் தேதியையும், அன்று சாவியை யாரிடம் கொடுப்பீர்கள் என்பதையும் எழுதச் சொன்னார்கள். தொடங்கும் தேதியை எட்டு ஆண்டுகளாகக் கனவு கண்ட எங்களுக்கு இதை எழுத நான்கு நாள் பிடித்தது.

இப்போது எங்களிடம் இல்லமும் இல்லை, சின்னமும் இல்லை. ஒரு நாட்டிலுள்ள சபையோடு கடிதத் தொடர்பு இருக்கிறது. அவர்கள் நடத்தும் பள்ளியின் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர என் மனைவியையும், கணக்கு எழுத என்னையும் ஓராண்டுக்குப் பயன்படுத்த முடியுமா என்று யோசிக்கிறார்கள். பள்ளியும் கணக்கும் அவர்கள் கேட்டவை, நாங்கள் சொன்னவை அல்ல.

சேர நினைப்பவர்களுக்கு: திட்டம் முடிவாகி, பணம் திரட்டத் தொடங்கி, பயணச்சீட்டும் எடுத்துவிட்டவர்களுக்கு இந்தப் பயிற்சி எரிச்சலையே தரும். கனவு மட்டும் இருக்கும் நிலையில் சேர்வதே நல்லது. வெளிநாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய ஒருவரையே வழிகாட்டியாகத் தர வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள், பன்னிரண்டு வாரமும் அவரே இருப்பாரா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். விசா, பதிவு குறித்த ஐயங்களுக்கு இவர்களை நம்பியிராமல், போக நினைக்கும் நாட்டின் வழக்கறிஞர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். ஒன்பதாம் வார வகுப்பைப் பார்க்காமல் விட்டாலும் சான்றிதழ் தருகிறார்கள்.